நாலரை அடி மாதா

சிலை பார்க்கப் போகிறவர்கள் அமைதியாகப் போவார்கள் போலிருக்கிறது. நான் சண்டைக்குப் போகிற மாதிரி போவேன். ஸ்கூட்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்று, முதலில் சிலையின் காதுக்குப் பின்னால் பார்ப்பேன். அச்சு இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஒரு கோடு விழும். அதை ஒழுங்காக வழித்து எடுத்திருக்கிறார்களா, அப்படியே பெயிண்ட் அடித்து மூடிவிட்டார்களா என்று பார்த்தாலே செய்தவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். எங்கள் பக்கத்தில் நிற்கிற சிலைகளில் பாதி, சோம்பேறிகள் செய்தவை.

எனக்கு அந்தக் கோடுதான் பிழைப்பு. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற யூனிட் ஒன்றில் ரொம்ப வருஷமாக வேலை. அச்சிலிருந்து வந்த ஈரப் பொம்மைகளில் கோடு வழிப்பவளாகச் சேர்ந்து, இப்போது அச்சு செய்பவளாக இருக்கிறேன். களிமண்ணில் மூல உருவம் செய்து, அதன் மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்செடுத்துக் கொடுப்பேன். கொலு பொம்மை, பிள்ளையார், ஃபியூஸ் கட்டை எல்லாம் வைக்கோல் சுற்றி, பெட்டி பெட்டியாக வெளியூர் போய்விடும். என் கை பட்ட எதுவும் எங்கள் ஊரில் வெயிலில் நின்று நான் பார்த்ததில்லை. அதனாலோ என்னவோ, வீட்டில் இருப்புக் கொள்ளாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வண்டியை எடுத்துவிடுவேன். "காலுல சக்கரத்த கட்டிக்கிட்டு சுத்துற" என்பார் என் வீட்டுக்காரர். அவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். சக்கரத்தைப் பற்றி அவர் பேசுகிறார்.

பஜார் பக்கம் தலைவர்கள் இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறார்கள். எல்லோருக்கும் தங்க பெயிண்ட், எல்லோருக்கும் ஒரே கை. கையை மட்டும் ஒரே அச்சில் எடுத்து ஒட்டியிருப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம். தேர்தல் வந்தால் தலையோடு துணி சுற்றிக் கட்டிவிடுவார்கள். அப்போது மட்டும் எனக்குப் பிடிக்கும். துணிக்குள் தோளும் முழங்கையும் லேசாகத் தெரியும், மீதியை நாமே நினைத்துக்கொள்ளலாம். இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சத்தமா சொல்லாத, எல்லா கட்சிக்காரனும் ஒண்ணா சேர்ந்து வந்துடப் போறான்" என்றார்.

ஒரு பூங்காவில் குப்பைத் தொட்டியாகப் பென்குவின் நிற்கிறது. நம்ம ஊர் வெயிலில் பென்குவின்! வாயைப் பிளந்துகொண்டு தண்ணீர் கேட்கிற மாதிரியே இருக்கும். கல்யாண மண்டபத்து வாசல் யானைக்குத் தும்பிக்கையில் குழாய் வைத்திருக்கிறார்கள், முகூர்த்த நாளில் மட்டும் அது தண்ணீர் பீச்சும். ஊருக்கு வெளியே ஒருவர் தன் காம்பவுண்டுச் சுவரின் மேல் கண்ணாடிச் சில்லுக்குப் பதிலாக, சூளையில் கோணிப்போன ஃபியூஸ் கட்டைகளை வரிசையாகப் பதித்திருக்கிறார். வெள்ளையும் பழுப்பும் மாறி மாறி, அத்தனை அழகு. நான் வாய் பார்த்துக்கொண்டு நின்றதில் அவருக்கு என் மேல் சந்தேகம் வந்து, "யாரும்மா வேணும்?" என்று நாயோடு வெளியே வந்துவிட்டார்.

நான் சண்டை போடாதது அய்யனார் கோயில் குதிரைகளோடுதான். பெண்ணாடம் ரோட்டில் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்துபோய், வயல் நடுவே அவற்றைப் பார்த்துவிட்டு வருவேன். ஆள் உயரத்துக்கு மேல், சுட்ட மண். சுடும்போது வெடிக்காமலிருக்க வயிற்றில் ஓட்டை விட்டிருக்கிறார்கள். அந்த ஓட்டையில் கையை விட்டுப் பார்த்து, உள்ளே இருக்கிற விரல் தடங்களைத் தடவி, பொறாமையோடு திரும்புவேன். பொறாமைதான், வேறென்ன சொல்வது?

எங்கள் பங்குக் கோயிலும் அதே ரோட்டில்தான் இருக்கிறது. வாசலை ஒட்டியே டவுன் பஸ் நிற்கும். போன வருஷம் கோயில் முற்றத்தில் கெபி கட்டினார்கள். பாறைக்கற்களை அடுக்கிக் குகை போல எழுப்பி, ஆள் உயரத்துக்கு மேலே மாதா நிற்பதற்கு ஒரு மாடம் விட்டு, கீழே மெழுகுத்திரி ஏற்ற இடம். மாதா சுரூபத்தைப் பாண்டிச்சேரியில் வாங்கிக்கொள்ளலாம், ஃபைபர்தான் லேசு, பளபளப்பாகவும் இருக்கும் என்று பங்குக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. எழுந்துவிட்டேன்.

"ஊரே மண்ண பெசஞ்சி பொழைக்குது. மாதாவ மட்டும் பார்சல்ல வரவழைப்பீங்களா? நான் செஞ்சி தரேன்."

"இவ்ளோ பெருசு செஞ்சிருக்கீங்களாம்மா?" என்று ஃபாதர் கேட்டார்.

"சின்னத செய்யறவளுக்குப் பெருசு தெரியாதா ஃபாதர்?"

பின்னாலிருந்து ஒருவர், "இவங்க ஊருல இருக்குற செலைக்கெல்லாம் கொறை சொல்லுவாங்க. செய்யட்டும், நாம பார்ப்போம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் இதில் கோட்டைவிட்டால் இனி ஒரு சிலை முன்னாலும் இடுப்பில் கை வைத்து நிற்க முடியாது. என்னை நம்பி வேறு யாரும் எதுவும் கேட்கப்போவதுமில்லை.

மாடத்தை அளந்ததில் உருவம் நாலடி இருக்க வேண்டும். அது எங்கள் சூளைக்குள் நுழையாது. அதனால் களிமண்ணில் மூலம் செய்து, அச்செடுத்து, வெள்ளை சிமெண்டில் வார்ப்பதென்று முடிவு செய்தேன். வீட்டுக்குப் பின்னால் ஆட்டோ நிறுத்துகிற கொட்டகையைப் பிடுங்கிக்கொண்டேன். யூனிட்டிலிருந்து வந்ததும் அங்கேதான். சோறு வடிக்க மறந்து, வீட்டுக்காரர் பாதி நாள் பரோட்டா வாங்கி வந்தார். இரண்டு கைகளையும் கீழே நீட்டி விரித்தபடி நிற்கிற மாதா. முகத்துக்கு மட்டும் மூன்று வாரம் எடுத்தேன். நாலு தடவை மூக்கை வெட்டிப் போட்டுவிட்டுத் திரும்ப வைத்தேன்.

ஒரு சாயங்காலம் அவர் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "மாதா கொஞ்சம் வாட்டசாட்டமா தெரியறாங்களே" என்றார்.

"மேசை மேல நிக்கிறதால அப்படித் தெரியும். நான் ஸ்கேல வச்சி அளந்துதான் செய்யறேன். நீங்க போயி ஆட்டோவ தொடைங்க."

அவர் போய்த் துடைத்தார்.

திருவிழாக் கொடியேற்றத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, குட்டி யானை வண்டியில் சுரூபத்தை ஏற்றிக்கொண்டு போனோம். ஆறு பேர் தூக்கி, சாரத்தின் மேல் ஏற்றி, மாடத்துக்குள் தள்ளினார்கள். மாதாவின் நெற்றி மாடத்து வளைவில் இடித்தது. கொஞ்சம் சாய்த்தார்கள், அப்போதும் இடித்தது. திருப்பினார்கள், தோள் இடித்தது. கொத்தனார் டேப்பை எடுத்து இரண்டையும் அளந்தார்.

"அக்கா, மாடம் நாலரை அடி. மாதாவும் நாலரை அடி."

"நாலடிதான்யா!"

டேப்பைப் பிடுங்கி நானே அளந்தேன். நாலரை.

என்ன செய்துவிட்டேன் என்று அந்த நொடியே புரிந்தது. பீங்கான் காயும்போதும் சுருங்கும், சூளையில் வேகும்போதும் சுருங்கும். எட்டு அங்குலப் பொம்மை வேண்டுமென்றால் மூலத்தை ஒன்பது அங்குலத்துக்குச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் மனக்கணக்குப் போடாமலிருக்க, அச்சு செய்கிறவர்களிடம் ஒரு மரஸ்கேல் இருக்கும். அதில் ஒவ்வோர் அங்குலமும் அந்த அளவுக்குக் கூடுதலாகவே கோடு போட்டிருக்கும். வருஷக்கணக்காக அதைத் தவிர வேறு ஸ்கேலை என் கை தொட்டதில்லை. மாடத்தைக் கடை டேப்பால் அளந்துவிட்டு, மாதாவை அந்த மரஸ்கேலால் செய்திருக்கிறேன். சிமெண்ட் சுருங்காது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். கைக்குத் தெரியவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்தில் பின்னாலிருந்து பேசியவர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

வளைவை இடித்தால் மேலே உள்ள பாறையெல்லாம் இறங்கிவிடும் என்றார் கொத்தனார். பிறகு தயங்கித் தயங்கி, "பாதத்த மட்டும் அறுத்துடலாம்க்கா, அங்கி மறைச்சிடும்" என்றார். "கை வச்சி பாருய்யா" என்று நான் போட்ட சத்தத்தில் சாரத்தில் நின்றவர் பிடியை விட்டிருப்பார். ஃபாதர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. பாண்டிச்சேரிக்குப் போன் போட்டார். மறுநாளே ஃபைபர் மாதா வந்து மாடத்தில் ஏறி, முன்னால் கம்பிக் கதவும் பூட்டும் போட்டாகிவிட்டது. என் மாதாவை வாசல் ஓரம், பஸ் நிற்கிற பக்கமாக, நாலு வரிசை செங்கல்லை அடுக்கி அதன் மேல் நிறுத்தினார்கள். "இப்போதைக்கு இங்க இருக்கட்டும்மா. அப்புறம் பார்ப்போம்" என்றார் ஃபாதர். அப்புறம் பார்ப்போம் என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.

நான் கொடியேற்றத்துக்குப் போகவில்லை. தேர் அன்றும் போகவில்லை. ஞாயிறு பூசைக்கு வேறு கோயிலுக்குப் போனேன். சிலை பார்க்கிறதும் நின்றுபோனது. தலைவர்களின் தங்கக் கையைக்கூட நிமிர்ந்து பார்க்கக் கூசியது. ஆனாலும் கால் நிற்கவில்லை. எதற்கென்று தெரியாமல் திட்டக்குடி வரை ஓட்டிப்போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். வழியில் கோயில் வாசல் வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பெற்ற பிள்ளையை ரோட்டில் நிறுத்திவிட்டு வந்த மாதிரி இருந்தது. வெட்கமும் ஆத்திரமும் மாறி மாறி வந்தன. கடைசியில், மாதாவை உடைத்து ஏதாவது அஸ்திவாரத்தில் போட்டுவிடுவதென்று முடிவெடுத்தேன். ஃபாதரிடம் போனில் சொன்னேன். "உங்க விருப்பம்மா" என்றார் வருத்தமாக. குட்டி யானைக்காரர் நாலு மணிக்கு ஆளோடு வருவதாகச் சொன்னார்.

நான் மூன்றரைக்கே போய்விட்டேன். வாசலில் ஒரு பெண் மட்டும் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். நெற்றியில் குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு. எங்கள் கோயில் ஆள் இல்லை. மாதாவின் காலடிச் செங்கல்லில் கைக்குழந்தையைப் படுக்கவைத்து ஜட்டி மாற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய கட்டைப்பை மாதாவின் வலது கையில் தொங்கியது. காய்கறியோ அரிசியோ, பை நல்ல கனம். மணிக்கட்டு முறிந்துவிடும் என்றுதான் முதலில் நினைத்தேன். உள்ளே கம்பி வைத்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அதன் பிறகு கோபம் வந்தது.

"ஏம்மா, சாமி கையிலயா பைய மாட்டுவாங்க?"

அவள் பதறவில்லை. குழந்தையின் காலைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"மாட்டலக்கா, குடுத்தேன். செத்த நேரம் புடிச்சிக்கங்கம்மான்னு கேட்டுட்டுதான் குடுத்தேன். தெனமும் நாங்க இவங்ககிட்டதான் குடுக்கிறோம்."

தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. அவள் குழந்தையை இடுப்பில் வாரிக்கொண்டு, மாதாவின் கையிலிருந்து பையை வாங்கினாள். வாங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும். "போயிட்டு வரேம்மா" என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். பஸ் போன புழுதியில் நான் அந்தச் செங்கல்லில் உட்கார்ந்து அழுதேன். கெபிக்குள் ஏறியிருந்தால் அந்தக் கை யாருக்கும் எட்டியிருக்காது.

போன் அடித்தது. குட்டி யானைக்காரர், ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டதாகச் சொன்னார். வர வேண்டாம் என்றேன்.

"ஏன்க்கா, என்னாச்சி?"

"அவங்க வேலையா இருக்காங்க" என்றேன்.