ஒரே ஒரு முறை ஊற்றிய தண்ணீர்

ஜப்பான்காரன் ஆண்ட காலம். ஜொகூரில், கூலாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். இருந்தோம் என்றால் பெரும்பாலும் பெண்கள்தான். ஆண்களைச் சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என் கணவரும் போயிருந்தார், அடுத்த வீட்டுப் பெண்ணின் கணவரும் போயிருந்தார்.

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பசிகூட இல்லை, அலுப்புதான். மரவள்ளி நட்டால் காட்டுப்பன்றி கிளறிவிடும், மறுபடி நட வேண்டும். கூரைக்கு ஒட்டுப் போட்டால் அடுத்த மழைக்கு மறுபடி ஒழுகும். எந்த வேலையையும் அப்பாடா முடிந்தது என்று விட முடியாது.

அடுத்த வீட்டுப் பெண் வேதக்காரி, கிறிஸ்தவப் பெண். கணவர் போன பிறகுதான் பிரசவமானாள். ஞானஸ்நானம் கொடுக்க ஜொகூர் பாருவிலிருந்து அவர்கள் கோயில் சாமியார் வர வேண்டும். அப்போது அவர் எங்கே வருவது?

ஒரு நாள் பிற்பகல் கிழங்குக் காட்டிலிருந்து திரும்பி, காலை நீட்டி உட்காரப் போனேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் காய்ச்சல். பிள்ளை துவண்டு கிடந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அவளுக்கோ மலேரியா நடுக்கம், கையில் எதைப் பிடித்தாலும் நிற்கவில்லை.

"அக்கா, பிள்ளைக்கு நீங்க ஞானஸ்நானத் தண்ணி ஊத்துங்க. ஊத்தாமப் போயிடக் கூடாதுக்கா."

அவர்கள் வேதத்தில் அது கடவுளுக்குப் பிள்ளையாகப் பிறப்பதாம். உயிருக்கு ஆபத்து, சாமியாரும் இல்லை என்றால் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாமாம். மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள்.

"நான் மாரியம்மனக் கும்பிடறவம்மா. நான் ஊத்துனா உங்க சாமி ஒத்துக்குமா?"

"ஒத்துக்கும்க்கா. எங்க கோயில்ல செய்யறதச் செய்யறேன்னு மனசார நெனச்சு ஊத்துங்க. அது போதும்."

மலையடிக் கிணற்றுக்கு இறங்கி, ரப்பர் பால் எடுக்கும் மங்குக் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்தேன். சாமி காரியத்துக்கு வெறும் தண்ணீரா என்று மனசு கேட்கவில்லை. வீட்டில் பத்திரமாக வைத்திருந்த மஞ்சள் துண்டை எடுத்து, உரசிக் கலந்து கொண்டுபோய் நின்றேன். மஞ்சள் தண்ணீரைப் பார்த்ததும் அவள் கண் கலங்கிவிட்டது.

"வெறும் தண்ணிதான்க்கா வேணும். எதும் கலக்கக் கூடாது."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. இதை முதலிலேயே சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று வாய்வரைக்கும் வந்தது. பிள்ளையைப் பார்த்தேன், தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி இறங்கினேன். திரும்பி வருவதற்குள் அது போய்விடுமோ என்ற பயத்தில்தான் அந்த மேட்டை ஏறினேன். இல்லையென்றால் கால் ஏறியிருக்காது.

மூச்சு இருந்தது. அவள் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள், நான் பின்னாலேயே சொன்னேன். பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து. பரிசுத்த ஆவியை அப்போது அப்படித்தான் சொல்வார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பிள்ளையின் தலையில் கொஞ்சம் ஊற்றினேன். தண்ணீர் பட்டதும் பிள்ளை மெல்லச் சிணுங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நானும் அங்கேயே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனேன்.

காய்ச்சல் உடனே ஓடிவிடவில்லை. பல நாள் வாட்டியெடுத்துத்தான் விட்டது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் எனக்குள் ஒரு உறுத்தல் தங்கிவிட்டது. என்னை நம்பி அவள் நிம்மதியாக இருக்கிறாளே, நான் ஊற்றியது செல்லாமல் போனால் அந்தப் பிள்ளையின் கதி என்ன?

ஜப்பான்காரன் போனான். எங்கள் இரண்டு பேர் கணவரும் திரும்பவே இல்லை. அதற்கப்புறம் ஒரு நாள் சாமியார் தோட்டத்துக்கு வந்தார். பிள்ளை நடக்கும் வயதில் இருந்தது. நான் அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், மஞ்சளைக்கூட விடவில்லை.

"எதுக்கும் நீங்க ஒருக்கா நல்லபடியா ஊத்திடுங்க சாமி."

ஊற்றிய தண்ணீர் எது, சொன்ன வார்த்தை என்ன என்று கேட்டுக்கொண்டார்.

"நீங்க ஊத்துனது செல்லும்மா. ஞானஸ்நானம் ஒரு தடவதான். நானே நெனச்சாலும் மறுபடி கொடுக்க முடியாது."

விட்டுப்போன சடங்குகளை மட்டும் செய்தார். நாக்கில் உப்பு வைத்தார், எண்ணெய் பூசினார், வெள்ளைத் துணி போர்த்தினார். தண்ணீரை மட்டும் அவர் தொடவில்லை. அவர் தொடாமல் விட்டதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அத்தனை வருஷமும் வராத அழுகை அப்போது வந்தது.

இன்றைக்கும் நான் மாரியம்மனுக்குத்தான் விளக்கேற்றுகிறேன். ஆனால் எதைச் செய்தாலும் மறுபடி மறுபடி செய்ய வேண்டியிருந்த அந்தக் காலத்தில், திரும்பச் செய்ய வேண்டாம் என்று இருந்த ஒரே காரியம் என் அலுத்த கையால் நடந்தது என்பதை நினைத்தால், அந்த நாட்களின் பாரம் கொஞ்சம் குறைகிறது.