கப்பில் எழுதிய அப்பா பெயர்

ராஜபாளையம் தென்காசி ரோட்டில் அந்த வெளிநாட்டுக் காபிக் கடை திறந்து நாலாவது மாதம் அது. நான் அங்கே கவுன்ட்டரில் வேலை பார்த்தேன். வீட்டுக்கு வீடு டிகாக்‌ஷன் இறங்கும் ஊரில் இந்தக் கடைக்கு எவன் வருவான் என்று ஆளாளுக்குச் சிரித்தார்கள். சிரித்தவர்களே பிள்ளைகளோடு வந்து, கப்பைப் பிடித்தபடி செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள்.

சிரிக்காதவர் என் அப்பா மட்டும்தான். ராணுவத்தில் இருபது வருஷம் இருந்தவர். "கண்டவனுக்கெல்லாம் காபி ஊத்திக் குடுக்கவா ஒன்னய எம்.காம் படிக்க வச்சேன்?" என்று கேட்டதோடு பேச்சை நிறுத்திவிட்டார். சேத்தூரில் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, நாலு மாதமும் அம்மா வழியாகத்தான் எங்களுக்குள் சேதி போனது. நானும் வீம்பில் குறைந்தவள் இல்லை.

எங்கள் கடையில் ஒரு விதி. ஆர்டர் கொடுப்பவரின் பெயரைக் கேட்டுக் கப்பில் எழுதி, காபி தயாரானதும் சத்தமாகக் கூப்பிட வேண்டும். அப்போதுதான் வருபவர் நம்மை நெருக்கமாக நினைப்பாராம். நம் பக்கத்தில் காபி குடிக்க வந்தவரிடம் யார் பெயர் கேட்டார்கள்? உட்கார்ந்தால் தம்ளர் வந்துவிடும்.

அன்றைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் ஆய்வுக்கு வந்து, என் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவர் போடும் மார்க்கை வைத்துத்தான் என் வேலை நிரந்தரமாகும். அந்த நேரம் பார்த்து அப்பா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். பென்ஷன் வேலையாக ஸ்ரீவில்லிபுத்தூர் போனவர், திரும்பும் வழியில் இறங்கியிருக்கிறார். சலவை வேட்டி, கையில் எனக்குப் பிடித்த பால்கோவா பொட்டலம், முகத்தில் கொஞ்சம் வெட்கம் கலந்த சிரிப்பு. சமாதானத்துக்கு வந்திருக்கிறார் என்று பார்த்ததுமே புரிந்துவிட்டது.

புரிந்தும் என்ன செய்தேன்? மேடத்துக்குப் பயந்து, "வெல்கம் சார், உங்க பேர் என்ன?" என்றேன். அப்பாவின் சிரிப்பு நின்றுபோனது. என்னையே பார்த்தார். பிறகு பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. அன்று கப்பில் எழுதிவிட்டேன். அவர் கதவோரம் போய் உட்கார்ந்தார்.

காபி தயாரானதும் கூப்பிட்டேன். பெற்ற அப்பாவை, பெயர் சொல்லி, கடை முழுக்கக் கேட்கும்படி. பட்டாளத்தில் பெயர் கூப்பிட்டால் பதில் கொடுத்துப் பழகிய உடம்பு. விறைத்து எழுந்து நின்று "யெஸ் சார்" என்றார். ரெண்டு மூன்று மேசைகளில் சிரித்தார்கள்.

கப்பை எடுக்க வந்தவர் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "இங்கனதானம்மா உக்காந்திருந்தேன். அப்பான்னு கூப்பிட்டா வந்திருக்க மாட்டேனா?"

ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. கப்பையும் பொட்டலத்தையும் மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் பஸ்ஸுக்கு நின்றார். கண்ணாடி வழியே எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்கலாம். போகாமல், அடுத்து நின்றவரிடம் பெயர் கேட்டேன். மேடம் முழு மார்க் போட்டார்.

வேலை நிரந்தரமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டபோது அப்பா, வேலை என்றால் அப்படித்தான் என்று முடித்துவிட்டார். இப்போது பேசுகிறார். ஆனால் வீட்டில் நான் காபி கொண்டுபோய் "அப்பா" என்று கூப்பிட்டால் முதல் தடவை திரும்புவதில்லை. காது நன்றாகத்தான் கேட்கிறது. அன்றைக்கு ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் போதுமாக இருந்த வார்த்தையை இப்போது தினமும் இரண்டு தடவை சொல்கிறேன். அப்போது சொல்லாதது மட்டும் சொல்லாததாகவே இருக்கிறது.