பிச்சிப்பூ வைத்துத்தான் வருவாள்

போன வருடம் குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்த நேரம். எங்கள் வீடு தென்காசியில். என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். நடக்க மாட்டாள், பேச மாட்டாள். ஆனால் தெருவில் போகிறவர்கள்கூட நின்று பார்க்கும்படி சிரிப்பாள். அவளைப் பார்த்துக்கொள்வதற்காகவே நான் ஜவுளிக்கடை வேலையை விட்டேன். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அரசாங்கம் மாதாமாதம் தரும் பராமரிப்பு உதவித்தொகையில்தான் அவளுடைய டயப்பரும் பிசியோதெரபியும் ஓடிக்கொண்டிருந்தன.

அந்தத் தொகை திடீரென்று நின்றுபோனது. அலுவலகத்தில் போய்க் கேட்டால், விசாரணையில் தகுதி இல்லை என்று வந்திருக்கிறதாம். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் விளங்கியது.

விசாரணைக்கு ஆள் வந்த அன்று, காலையிலேயே புலியருவிக்குப் போய் அவளைக் குளிப்பாட்டிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தோம். தண்ணீர் பட்டால் விறைத்த கைகால்கள் கொஞ்சம் இளகும். வீடு தேடி வந்தவரைச் சும்மா அனுப்பலாமா? காபியும் நேந்திரங்காய் சிப்ஸும் கொடுத்து, "புள்ள அருவியில நல்லா குளிச்சா சார், ஒரே சிரிப்பு" என்று பெருமையாக வேறு சொன்னேன். மனிதர் சிப்ஸைத் தின்றுவிட்டு, பிள்ளை அருவியில் குளிக்கும் அளவுக்கு நலமாக இருக்கிறாள் என்று எழுதிவைத்துவிட்டார்!

மனு கொடுத்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த மருத்துவப் பரிசோதனை முகாமுக்கு மகளைக் கூட்டிவரச் சொன்னார்கள். முந்தின நாள் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். நல்ல மனசுக்காரிதான்.

"ஏட்டி, நான் சொல்லுதத கேளு. பூவும் பொட்டுமா கூட்டிட்டுப் போனா எவன் தருவான்? பழைய நைட்டிய மாட்டு, தலைய வாராத. பாத்த ஒடனே எரக்கம் வரணும்லா?"

அவர் சொல்வதும் சரிதான் என்று எனக்கும் பட்டது. மறுநாள் காலையில் சாயம் போன நைட்டியை எடுத்துக்கொண்டு மகளிடம் போனேன். பூ வைக்கத்தான் வருகிறேன் என்று நினைத்து, தினமும் செய்வதுபோலவே கஷ்டப்பட்டுத் தலையை என் பக்கம் சாய்த்தாள். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. நைட்டியைச் சுருட்டி மூலையில் எறிந்தேன். தீபாவளிக்கு எடுத்த மஞ்சள் பட்டுப்பாவாடை, ரெட்டை ஜடை, பிச்சிப்பூ, பவுடர், பொட்டு. ஒன்றும் குறை வைக்கவில்லை.

முகாமில் இருந்த அதிகாரி காகிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாப்பா கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரில்லா இருக்கு. அருவியிலயெல்லாம் குளிக்குதாமே?"

"அவ குளிக்கல சார், நாங்க குளிப்பாட்டுதோம். அவ அப்பா மடியில வச்சிக்கிடுவாவ, நான் கழுத்தத் தாங்கிக்கிடுவேன். கைய எடுத்தா தண்ணி மூக்குல ஏறிரும். நாளைக்கும் போவோம். நீங்களும் வாங்க, ஒரு கை புடிங்க."

கணவர் என் முந்தானையை இழுத்தார். நான் நிறுத்துவதாக இல்லை.

"அவ சிரிக்கா சார். அதையும் எழுதிக்கிடுங்க. அழுதாத்தான் குடுப்போம்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

அவர் முகம் சிறுத்துவிட்டது. பக்கத்தில் இருந்த டாக்டரம்மா எழுந்து வந்து மகளின் முழங்காலை மெதுவாக மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை. "இதுக்கு மேல என்ன சார் பாக்கணும்?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கொஞ்ச நாளில், நின்றுபோன மாதங்களுக்கும் சேர்த்துப் பணம் வந்துவிட்டது.

ஆனால் என்னால் மறக்க முடியாதது அது இல்லை. எனக்குப் பின்னால் வரிசையில் சிவகிரியிலிருந்து வந்த ஒரு அம்மா, தன் மகனைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பையனுக்குக் கிழிந்த பனியன், பரட்டைத் தலை. அடுத்து அவர்களைத்தான் கூப்பிட வேண்டும். நான் பேசியதைக் கேட்ட அந்த அம்மா, சட்டென்று வரிசையை விட்டு விலகி, மகனைக் குழாயடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். முகம் கழுவினார். பையின் அடியிலிருந்து தேய்த்த சட்டை ஒன்றை எடுத்து மாட்டிவிட்டார். சீப்பு இல்லை. நான் கொடுத்தேன்.

வகிடு எடுத்துச் சீவிவிட்டு என்னைப் பார்த்தார். "இவன் எப்பமும் இப்படித்தாம்மா இருப்பான். இன்னைக்கு மட்டுந்தான்..." என்றவர் சீப்பைத் திருப்பித் தந்தார். மகனைத் தள்ளிக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் நின்றார்.

எங்கள் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதைக் கேட்க அவர்களையே அலங்கோலமாக்கிக் கொண்டுபோய் நிறுத்தும்படி எங்களைப் பழக்கியது யாரென்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் யார் எதை எழுதினாலும் இனி ஒருநாளும் நான் அதைச் செய்யப்போவதில்லை.