எட்டாவது அம்பு

தேவசகாயம் என்னை ஒரு தடவையாவது திட்டியிருக்கலாம். ஏழு வருஷம் எனக்கு அந்த மனுஷன் மேல் இருந்த குறை இதுதான். ஆபீஸ் நடுவில் நிற்க வைத்து நாலு வார்த்தை கேட்டிருந்தால், பதிலுக்கு நானும் கத்தி, அந்த வேகத்தில் உண்மையைக் கக்கியிருப்பேன். அவர் கேட்கவே இல்லை.

அவர் சர்வேயர். நான் துரைக்கண்ணு, அவருக்கு அளவுச் சங்கிலி இழுத்த செயின்மேன். அவர் அப்பா மாகறல் பக்கம் பிறர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். மகன் மிஷன் பள்ளியில் படித்து, தன் காலனியிலிருந்து கால்சட்டை போட்டு ஆபீசுக்குப் போன முதல் ஆள். ஒல்லி உடம்பு, பழைய சைக்கிள், காதில் பென்சில். எந்தத் தண்ணீர்த் துறைக்குப் போனாலும் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டுப் பார்ப்பார். பிறகுதான் நோட்டில் எழுதுவார்: குடிக்கலாம், குளிக்கலாம், மாட்டுக்கு மட்டும்.

1971ல் காஞ்சிபுரத்துக்கு ஒரு படம் போடச் சொன்னார்கள். ஜனங்கள் நடக்கிற பொது வழிகள், பூங்கா வைக்கத் தோதான இடங்கள், ஆறு குளம் ஏரியில் இறங்கும் துறைகள், எல்லாம் அதில் வர வேண்டும். படத்தில் ஏறிய வழியை யாரும் அடைக்க முடியாது. ஏறாவிட்டால் கேட்க நாதி கிடையாது.

ஆறு மாதம் நடந்தோம். பிள்ளையார்பாளையத்தில் தெரு நீளத்துக்குப் பட்டு நூலைப் பாவாக இழுத்து விரித்திருப்பார்கள். அதைச் சுருட்டும் வரை சங்கிலியைத் தரையில் போட முடியாது. கலாவதி என்று ஒரு நெசவுக்காரம்மா சிரிப்பாள்.

"தெருவ அளக்க நாலு ஆளா? இன்னாபா இது, நாங்க தினம் பாவு போட்டே அளக்கறோமே!"

"உங்க அளவையே எழுதிக்கறேம்மா, வெயிலாவது மிச்சம்" என்பார் தேவசகாயம்.

வேகவதிக் கரை, திருப்பருத்திக்குன்றத்துச் சமணர் கோயில் வரை போகும் ஒற்றையடிப் பாதை, எல்லாம் முடித்துக் கடைசியில் அவர் காலனிக்கு வந்தோம். காலனியிலிருந்து ஏரிக்கு ஒரு வழி. அங்கிருக்கிறவர்களுக்குக் குளிக்க, துவைக்க, பிள்ளைகள் நீந்த, வேறு போக்கிடம் இல்லை.

எங்கள் கணக்கு அம்பில்தான். அம்பு என்றால் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைந்த இரும்புக் கம்பி, தலையில் வளையம். சங்கிலி நூறு அடி. முன்னால் போகிற குப்புசாமி ஒவ்வொரு நூறு அடிக்கும் ஓர் அம்பைக் குத்துவான். பின்னால் வருகிற நான் அங்கே சங்கிலி முனையைப் பிடித்து, அளந்ததும் அம்பைப் பிடுங்கிக்கொள்வேன். கடைசியில் என் கையில் எத்தனை அம்போ அத்தனை நூறு அடி. அம்பைத் தொலைத்தவனுக்கு எங்களுக்குள் 'அம்பு முழுங்கி' என்று பெயர். வேலையை விட்டாலும் பெயர் விடாது.

அன்று மதகுக் கால்வாய் ஓரம் எருமைக் கூட்டம் மிதித்துக்கொண்டு வந்தது. நான் வரப்பில் தாவினேன். அங்கே குத்தியிருந்த அம்பை எடுக்க மறந்தேன். ஏரிக்கரைக்குப் போனதும் குப்புசாமி மிச்ச அம்புகளைப் பையில் எறிந்துவிட்டுத் தண்ணீரில் குதித்துவிட்டான்.

"எத்தனை துரை?" என்றார் தேவசகாயம்.

கையைப் பார்த்தேன். "ஏழு சார்."

எழுதிக்கொண்டார். சாமானைப் பெட்டியில் அடுக்கும்போதுதான் பத்து அம்புக்கு ஒன்பதே இருப்பது தெரிந்தது. வெட்கம். மறுநாள் கொல்லனிடம் போய்ப் புதுசாக ஒன்று அடித்துப் போட்டுவிட்டேன். ஒரு சங்கிலி குறைந்தால் வழி எங்கே ஓடிவிடும் என்று நினைத்தேன். படிக்காத புத்தி.

படம் போட்டபோது காலனி வழி, தண்ணீருக்கு நூறு அடி முன்னாலேயே நின்றது. தண்ணீர் வரைக்கும் வழி உண்டு என்று தேவசகாயம் வாதாடினார். அதிகாரி பரசுராமன் சிரித்தார்.

"உங்க தெருன்னா கோடு தானா நீளுமாய்யா? நோட்டு எழுநூறுங்குது. செயின்மேன் தப்புன்னு சொல்லட்டும், மறுபடி அளக்கலாம்."

தேவசகாயம் என் பக்கம் திரும்பினார். "எத்தனை அம்பு துரை?"

என்னை நிரந்தரமாக்கும் காகிதம் அந்த மேஜை மேல்தான் கிடந்தது.

"ஏழு சார்."

வழி அங்கேயே முடிந்தது. மிச்ச நூறு அடியைப் பூங்காவோடு சேர்த்துக் கம்பி வேலி போட்டார்கள். வாசல் எதிர்க்கரையில், ஒரு மைல் சுற்று. நம்ம ஆளே நம்ம வழியை வெட்டிவிட்டான் என்று காலனி பேசியது. வேதக் கோயிலில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. அவர் மனைவி லில்லி பிள்ளையார்பாளையத்தில் வாடகைக்கு வீடு பார்த்தாள்.

1973ல் அவர் அம்மா ரேணுகாம்பாள் காலனியிலேயே செத்தாள். அவள் கிறிஸ்து வேதத்துக்கு மாறாதவள். உடம்பைக் குளிப்பாட்ட ஏரித் தண்ணீர் எடுத்து வர வேண்டும். குடத்தோடு ஒரு மைல் சுற்றிப் போனோம். பூங்கா வாசல் பூட்டிக் கிடந்தது. மத்தியானம் காவல்காரன் சாப்பிடப் போயிருந்தான்.

ஒரு கிழவர் தேவசகாயத்தைக் கேட்டார்: "உன் படத்துல தண்ணி எங்கப்பா இருக்குது? காட்டு, மொண்டுக்கினு போறோம்."

அவர் காலிக் குடத்தைத் தோளில் வைத்தபடி நின்றார். பக்கத்தில் நானும் நின்றேன்.

போன வருஷம் அவருக்குக் காசம் முற்றிவிட்டது. ஒரு காலையில் போய்க் கட்டில் ஓரம் உட்கார்ந்தேன்.

"சார், அன்னிக்கு எட்டு."

"தெரியும்பா."

நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"பெட்டியில ஒம்பது துரு புடிச்சது, ஒண்ணு மட்டும் பளபளன்னு. எனக்குக் கண்ணு இல்லியா?"

"அப்ப ஏன் சார் சொல்லல?"

"நான் சொன்னா என் தெருவுக்காக உன் மேல பழி போடறேம்பாங்க. உன் வேலையும் போயிடும். நீயா சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன்."

லில்லி கஞ்சிக் கிண்ணத்தை என் பக்கத்தில் வைத்தாள். "எங்க அத்தை பொணம் கெடந்தப்பவும் பாத்துக்கினுதான் இருந்தாருண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவர் இருமி அடங்க நேரமாயிற்று. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அந்தப் புது அம்பு இருக்குதா?"

"இருக்குது சார்."

"சங்கிலிய எடுத்துக்கினு காலனிக்குப் போ. எல்லாரையும் கூப்புடு. வேலி வரைக்கும் ஏழு வரும். நீ வேலியத் தாண்டிப் போயி, தண்ணி ஓரத்துல அந்த அம்பக் குத்து. எட்டுன்னு சத்தமா எண்ணு துரை. எங்க ஜனம் காதுல விழணும்."