ஆசிட் ஊற்றிக் கழுவிய பாய்லரில் முதல் டீ

பீங்கான் தொழிற்சாலை வாசலில் எங்களுக்கு டீக்கடை. எங்கள் அடிபம்புத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. பாய்லரின் நடுவே கரி எரிகிற செம்புக் குழாயைச் சுற்றி அந்த உப்பு கல்லாய் இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு கரி போட்டாலும் தண்ணீர் கொதிக்காது. நான் புளியைக் கரைத்து ஊற்றி ஊறவைத்து, கரண்டிக் காம்பால் சுரண்டி எடுப்பேன். அதற்கு ஒரு நாள் கடையை மூட வேண்டும். என் புருஷனுக்கு அது பொறுக்குமா? பட்டறையிலிருந்து ஆசிட் வாங்கிவந்து ஊற்ற ஆரம்பித்தான், மகராசன்.

நியாயத்தைச் சொல்ல வேண்டும், ஆசிட் வேலையை முடித்துவிடும். புஸ்ஸென்று நுரைத்து உப்பு பெயர்ந்து வரும். ஆனால் நாலைந்து தண்ணீர் அலச வேண்டும். அவன் ஒரு தண்ணீரோடு நிறுத்திவிட்டு, முதல் டீயை என்னைக் குடிக்கச் சொல்வான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் வியாபாரம். ஒருமுறை தொண்டை வெந்துபோய்க் கஞ்சிகூட இறங்கவில்லை. "நல்லவேள, கஸ்டமருக்குக் குடுக்கல" என்றான். பாவி.

அடுத்த முறை நான் வாயும் வயிறுமாக இருந்தேன். குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஷிப்டு முடிந்து கடை முன்னால் கூட்டம் நின்றது. களிமண் சுமக்கிற ஆள் ஒருவர் எப்போதும் கடைக்கு வெளியே நின்றுதான் குடிப்பார். அவருக்கென்று தனியாக ஓர் அலுமினியக் குவளை. என் புருஷன் அவரைக் கூப்பிட்டு, "இந்தாடா, மொத டீ ஒனக்குத்தான், காசு வாணாம்" என்று ஊற்றினான். அந்த மனுஷனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "மொதலாளி நல்லா இருக்கணும்" என்றார்.

"குடிக்காதய்யா! பாய்லரு ஆசிட்டு ஊத்திக் கழுவினது, சரியா அலசல!" என்று கத்தினேன். அவர் குவளையைக் கீழே வைத்துவிட்டு விலகி நின்றார். என் புருஷன் பதறவே இல்லை. ஒரு கிளாஸில் புதிதாக டீ பிடித்து என்னிடம் நீட்டினான்.

"அப்ப நீயே குடிச்சுக் காட்டு."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புள்ளத்தாச்சியைப் போய் இப்படியா என்று யாராவது வாயைத் திறப்பார்கள் என்று பார்த்தேன். தினமும் அக்கா அக்கா என்று கூப்பிடுகிறவர்கள்தான் அத்தனை பேரும்.

"சட்டுனு குடிங்கக்கா, வேப்பூரு பஸ்ஸு போயிடும்" என்றார் ஒருவர்.

குடித்தேன். தொண்டை எரிந்தது. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் விழவில்லை என்று தெரிந்ததும் ஆளாளுக்கு டீ கேட்டார்கள். களிமண் சுமக்கிறவரும் தன் குவளையில் இருந்ததைக் கொட்டிவிட்டு என்னிடம் நீட்டினார்.

"எனக்குச் சக்கர கொஞ்சம் தூக்கலா போடச் சொல்லும்மா."