அளவு ஜாக்கெட் வாங்குவதில்லை

டேப்பக்காவுக்கு வாய் நீளம் என்று அந்தத் தெருவில் சொல்லாத ஆள் கிடையாது. பொய். அவளுக்கு நீளமாக இருந்தது பொறுமைதான். இல்லாவிட்டால் அந்த ஸ்டூலை இத்தனை வருஷம் வாசலில் போட்டு வைத்திருப்பாளா?

ஸ்டூல் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைத்தெருக் கோடியில், மருந்துக் கடையை ஒட்டினாற்போல ஒரு சின்ன அறை. இரண்டு தையல் மிஷின், ஒரு வெட்டு மேஜை, சுவரில் ஓர் ஆளுயரக் கண்ணாடி. அதுதான் அவள் கடை. கழுத்தில் எந்நேரமும் அளவெடுக்கிற டேப் தொங்கும், அதனால் டேப்பக்கா. சொந்தப் பெயர் அவள் புருஷனுக்கே கொஞ்சம் யோசித்தால்தான் ஞாபகம் வரும்.

எதிர்ச்சாரி வீட்டுப் பெண்கள் அந்தக் கடையின் படி ஏற மாட்டார்கள். வாசலில் இருக்கும் ஸ்டூலில் பையை வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நிற்பார்கள். பையில் தைக்க வேண்டிய துணியும், அளவுக்காக ஒரு பழைய ஜாக்கெட்டும் இருக்கும். "இதே அளவுல தைச்சிடு" என்பார்கள், அவ்வளவுதான். அளவு ஜாக்கெட் இருக்கும்போது டேப் மேலே பட வேண்டியதில்லை பாருங்கள், டேப்பைப் பிடித்த கையும் பட வேண்டியதில்லை.

டேப்பக்காவின் அப்பா ஊர்ச் சாக்கடையில் இறங்கி அடைப்பு எடுத்தவர். அவருடைய அப்பாவும் அதே வேலைதான். வேறு வேலைக்கு யாரும் கூப்பிட்டதில்லை, வேறு தெருவில் யாரும் வீடு கொடுத்ததுமில்லை. இந்தச் சாதியில் பிறந்தவனுக்கு இந்தக் குழி என்று எப்போதோ யாரோ எழுதி வைத்துவிட்டார்கள். மகள் குழிப் பக்கமே போகவில்லை. சட்டைக் கம்பெனியில் சேர்ந்து வருஷக்கணக்கில் காலர் மட்டுமே தைத்தாள், பிறகு கை தைத்தாள், கடைசியில் முழுச் சட்டையும் தைத்து, சொந்தமாக மிஷினும் வாங்கி, அப்பாவுக்கு யாரும் தண்ணீர்கூடக் கொடுக்காத அதே கடைத்தெருவில் வந்து உட்கார்ந்தாள். எதிர்ச்சாரிக்கு அவள் தையல் பிடித்துப் போய்விட்டது. தையல் வேண்டும், தைத்த கை வேண்டாம். இந்த அழகை என்னவென்று சொல்ல!

தைத்து வாங்கிப் போன துணியை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுத் தீட்டுக் கழித்த பிறகுதான் அலமாரியில் வைப்பார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். லோடு வண்டி ஓட்டும் அவள் புருஷன் கேலி செய்வான். "உன் கை பட்ட சோத்தத்தான் நான் தினமும் திங்கறேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே. தொப்பதான் போட்டிருக்கு." அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டு மிஷினைக் கொஞ்சம் வேகமாக மிதிப்பாள்.

இப்படியே போயிருக்கும். அப்போதுதான் எதிர்ச்சாரி மாடி வீட்டு அம்மாவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

அந்தக் கடை வரிசையே மாடி வீட்டுக்காரர்களுடையது. அம்மா பட்டுத் துணியையும் மகளுடைய பழைய ஜாக்கெட் ஒன்றையும் ஸ்டூலில் வைத்தாள்.

"இது காலேஜ்ல படிக்கிறப்ப போட்டதுங்களேம்மா. பொண்ணு ஒரு தடவ வந்துட்டுப் போனா நல்லது" என்றாள் டேப்பக்கா.

"அதெல்லாம் வேண்டாம். அவ அப்படியேதான் இருக்கா."

டேப்பக்கா தைத்துக் கொடுத்தாள். நாலாம் நாள் அந்த ஜாக்கெட் ஸ்டூலில் வந்து விழுந்தது. சாயம் ஓடி, ஜரிகை கறுத்து, உள்துணி சுருங்கிக் கிடந்தது.

"என்ன தைச்சிருக்க நீ? துணியே பாழாப் போச்சு."

டேப்பக்கா அதைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தாள். "தண்ணியில போட்டீங்களாம்மா?"

அம்மா மருந்துக் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கல்யாணச் சேலையும் பட்டுதானே. அத வாளியில போட்டீங்களா?"

"அது கடையில வாங்கினது."

"அப்ப என் கைதான் அழுக்கு."

மாடி வீட்டு அம்மா அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. பையிலிருந்து புதுப் பட்டு ஒன்றை எடுத்து ஸ்டூலில் வைத்தாள். அதன் மேல் அதே பழைய ஜாக்கெட்டை வைத்தாள். பட்ட பிறகும் புத்தி வரவில்லை பாருங்கள். டேப்பக்காவுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ, பழைய ஜாக்கெட்டை எடுத்து அம்மாவின் பக்கமே நீட்டினாள்.

"இனிமே அளவு ஜாக்கெட் வாங்கறதில்லம்மா. பொண்ணு உள்ள வரட்டும். மேல வெச்சு அளவெடுத்துத்தான் தைப்பேன்."

"இந்தக் கட யாரோடதுன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா. கை என்னோடது."

"மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடு" என்று சொல்லிவிட்டு அம்மா புதுப் பட்டையும் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து போய்விட்டாள்.

விஷயம் கேட்ட புருஷன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "ஏம்மா, கொஞ்சம் பொறுத்திருக்கலாம்ல? இந்தத் தெருவுல நமக்கு வேற யாரு இடம் குடுப்பா?"

"பொறுத்தது போதுங்க" என்றாள். ஒரு கறுப்புத் துணியை எடுத்து, குறி போடும் சாக்பீஸால் எழுதினாள்: அளவு ஜாக்கெட் வாங்குவதில்லை. உள்ளே வந்து அளவு கொடுக்கவும். சாக்பீஸ் அழிந்துவிடும் என்று எழுத்துக்கு மேலேயே வெள்ளை நூலால் தையல் ஓட்டி, கதவில் மாட்டினாள்.

மறுநாளிலிருந்து ஸ்டூல் காலி. எதிர்ச்சாரிப் பைகள் எல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த வேறு தையல் கடைக்குப் போயின. புருஷன் மிஷின்களைக் கட்டி எடுத்துப்போக அட்டைப் பெட்டி தேடிக்கொண்டிருந்தான். டேப்பக்காவுக்குப் பயமாகத்தான் இருந்தது. சாக்கடைத் தெருவிலிருந்து இந்தக் கதவு வரைக்கும் வர அவளுக்குப் பாதி ஆயுள் ஆகியிருக்கிறது. திரும்பிப் போக ஒரு லோடு வண்டி போதும். ஆனாலும் அந்தக் கறுப்புத் துணியைக் கழற்ற அவளுக்கு மனசு வரவில்லை.

ஒரு மத்தியானம் கல்யாணப் பெண்ணே வந்து நின்றாள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள், பையில் அந்தப் புதுப் பட்டு. கதவிலிருந்ததைப் படித்தாள். ஸ்டூலைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் படியேறி உள்ளே வந்தாள்.

"அளவெடுங்கக்கா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"மாடியில நின்னு பாத்துட்டுத்தான் இருக்காங்க. கதவு திறந்தே இருக்கட்டும்." அவள் குரல் இறங்கியது. "வாளி விஷயம் எனக்கு இப்பத்தான் தெரியும். இதுவரைக்கும் எதெதையெல்லாம் ஊறப்போட்டீங்கன்னு அம்மாகிட்ட கேட்டேன். எல்லாத்தையும்னாங்க. உங்க தையலத்தான் நான் ஸ்கூல் போன நாள்லேர்ந்து போடறேன். வெக்கமாப் போச்சுக்கா."

டேப்பக்கா மிஷினை விட்டு எழுந்தாள். "கடையக் காலி பண்ணச் சொல்லியிருக்காங்க கண்ணு" என்றாள்.

"அதையும் பேசிட்டேன். இந்தக் கடைய மூடினா கல்யாணமே வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"அப்பா அம்மாவப் பாத்தாரு. அம்மா சுவத்தப் பாத்தாங்க. கட உங்களுக்குத்தான்."

டேப்பக்கா கழுத்திலிருந்து டேப்பை எடுத்தாள். எதிர்ச்சாரி ஆள் ஒருத்தரை அவள் தொடுவது அதுதான் முதல் தடவை. "கையத் தூக்கு கண்ணு" என்றாள். தோள், மார்பு, இடுப்பு, கை என்று ஒவ்வொன்றாக, தெருவே பார்க்க, அவசரப்படாமல் அளவெடுத்தாள். மாடியில் யாரோ சன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது.

அந்த ஜாக்கெட் தண்ணீரையே பார்க்காமல் கல்யாணத்துக்குப் போனது. அவ்வளவு கச்சிதம். யார் தைத்தது என்று கேட்டவர்களிடமெல்லாம் பெண் கூசாமல் சொன்னாள்: "டேப்பக்கா. என்னை நிக்க வெச்சு அளவெடுத்துத் தைச்சாங்க." கேட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முதலில் வந்தவள் பெண்ணின் அத்தை. பழைய ஜாக்கெட்டோடு வந்தாள், கதவில் இருந்ததைப் படித்தாள், திரும்பிப் போனாள், சாயங்காலம் வெறும் துணியோடு மறுபடி வந்து படியேறினாள். அத்தையைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரி. அவளைப் பார்த்து இன்னொருத்தி. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்றுதானே மாடி வீட்டு அம்மா காலமெல்லாம் வாளியில் தண்ணீர் பிடித்தாள்? அந்த நாலு பேரும் இப்போது டேப்பக்கா கடையில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். வாசல் ஸ்டூல் உள்ளே வந்துவிட்டது, முறைக்குக் காத்திருப்பவர்கள் உட்கார.

அப்படி அவர்கள் காத்திருந்த ஒரு நாள் மாடி வீட்டு அம்மா வாசலில் வந்து நின்றாள். கையில் துணி மட்டும் இருந்தது.

"உள்ள வாங்கம்மா" என்றாள் டேப்பக்கா.

அம்மா படியைப் பார்த்தாள். ஏறினாள். துணியை டேப்பக்காவின் கையில் கொடுத்தாள். கண்ணாடி முன்னால் நின்று, யார் முகத்தையும் பார்க்காமல் இரண்டு கையையும் தூக்கினாள். டேப் மார்பைச் சுற்றி வந்ததும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

டேப்பக்கா காத்திருந்தாள்.

"மூச்ச விடுங்கம்மா. பிடிச்சுக்கிட்டே நின்னா அளவு தப்பாப் போயிடும்."

மாடி வீட்டு அம்மா மெதுவாக மூச்சை விட்டாள். டேப்பக்கா குனிந்து அளவைப் பார்த்து, கடைக்குள் இருந்த அந்த நாலு பேருக்கும் நன்றாகக் கேட்கும்படி சொன்னாள்.

"நாப்பத்தி நாலு."