பால் மறந்த பிள்ளை

சீர்காழிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவள் அம்சம். விடியுமுன் தண்ணீர் எடுத்து, கஞ்சி காய்ச்சி, மூத்தவள் தமிழரசியைப் பள்ளிக்கு அனுப்புவாள். கைக்குழந்தை மணிமொழியை வயலுக்கே தூக்கிப் போய், வரப்போரப் பூவரசில் தூளி கட்டிப் போடுவாள். பிள்ளை அழுதாலும் பாதியில் கரையேற முடியாது. பண்ணைக் காரியக்காரர் சாரங்கபாணி விடமாட்டார். பால் கசிந்து மாராப்பு நனைய, குனிந்து நட்டுக்கொண்டே இருப்பாள்.

அறுபத்தேழில் ஆட்சி மாறிய மறுவருஷம், குறுவை அறுவடையில் கூலி உயர்வு கேட்டு ஆட்கள் வேலைக்குப் போகவில்லை. பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கியது. அம்சத்தின் புருஷன் மருதையன் மேல் கூலித் தகராறில் வழக்கு இருந்ததால், அவன் தலைமறைவு. மற்ற பெண்களோடு அவளும் வயலை மறிக்கக் கிளம்பினாள். தடியடி நடந்தால் என்ன செய்வது என்று பயந்து குழந்தையை வீட்டில் விட்டாள்.

"சாயங்காலம் வந்துருவேன். அழுதா கஞ்சித்தண்ணி குடு" என்றாள் தமிழரசியிடம்.

அன்றே போலீஸ் வண்டி எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனது.

ஜெயிலில் மார் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. உடனிருந்த காளியம்மாள் பாலைப் பீய்ச்சித் தரையில் விட்டாள். சில நாளில் அதுவும் வற்றியது.

தீபாவளி கழித்துத்தான் ஜாமீன் கிடைத்தது. வீட்டில் தமிழரசி இடுப்பில் பிள்ளையோடு அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். அம்சம் கையை நீட்டினாள். மணிமொழி வீறிட்டு, அக்கா கழுத்தைக் கட்டிக்கொண்டு "அம்மா" என்றது.

தமிழரசி மிரண்டுபோனாள். "நா சொல்லிக் குடுக்கலம்மா. அதுவாத்தான் கூப்புடுது."

அம்சம் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

கூலி கொஞ்சம் கூடியது. அம்சம் வாத்தியாரைப் பார்த்துத் தமிழரசியை மறுபடி பள்ளியில் சேர்த்தாள். ஆனால் அக்கா இல்லாமல் மணிமொழி தூளியில் கிடக்கவில்லை, சோறும் இறங்கவில்லை. தையில் சம்பா அறுப்புக்குக் கூப்பிட்டபோது, அம்சமே மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினாள். அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும் என்று அம்சம் பிறகு காளியம்மாளிடம் சொல்லி அழுதாள்.

தமிழரசி பெரியவளான சில வருஷத்தில் பட்டுக்கோட்டைப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். புருஷன் வீட்டுக்குப் புறப்பட்ட அன்று, பஸ் படியில் கால் வைத்தவளின் புடவையை மணிமொழி விடவே இல்லை. அம்சம்தான் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.